கடல் கொண்டவர்களின் நினைவில் ‘சொற்றுணை வேதியன்’ பாடலாமா?

எழுவான்கரை | டிசம்பர் 3, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுதோறும் டிசம்பர் 26 காலையில் எங்கள் ஊர்க் கடற்கரையில் 2004 ஆழிப்பேரலையில் இறந்தவர்களுக்காக விளக்கேற்றி, மலர் தூவி, ஓரிரு தேவாரங்கள் பாடுவது வழக்கம். மட்டக்களப்பில் கல்லடிக்கும் நாவலடிக்கும் இடைப்பட்ட அந்தக் கரையைக் கண்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். அன்று ஏறி நிற்க ஒரு மேடுகூட இருக்கவில்லை.

சென்ற ஆண்டு பாடும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். எந்தத் துன்பத்திலும் பாடத்தக்கது நமச்சிவாயப் பதிகம் என்று சிறு வயதில் சொல்லித் தரப்பட்டிருந்ததால், நான் அதிகம் யோசிக்காமல் இதைத் தொடங்கினேன்:

சொற்றுணை வேதியன் சோதி வானவன்
பொற்றுணைத் திருந்தடி பொருந்தக் கைதொழக்
கற்றூணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே.

மூன்றாம் அடியைப் பாடி முடிப்பதற்குள், முன்வரிசையில் நின்ற, எனக்குப் பெரியம்மா முறையான ஒருவர் கையிலிருந்த விளக்கை மணலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வீட்டை நோக்கி நடந்தார். அலை வந்த அன்று அவருடைய ஒரே மகன் போனான். கல்லைக் கட்டிக் கடலில் எறிந்தாலும் கரை சேர்ந்த அப்பரின் பாட்டை, எவரும் எறியாமலே வீட்டு முற்றத்துக்கு வந்த கடல் பிள்ளையைக் கொண்டுபோன ஒரு தாயின் முன்னால் நான் பாடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டை எப்படியோ முடித்தேன்.

இந்த ஆண்டும் என்னையே பாடச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பதிகம் உண்மையில் எப்படிப் பிறந்தது, அது யாருக்கு ஆறுதல் சொல்கிறது, அந்தக் கரையில் அதைப் பாடுவது தகுமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். பெரியம்மாவிடம் இதுவரை நான் இதைப் பற்றிப் பேசவில்லை. பேசத் துணிவு வரவில்லை.

கல்லடிப்பாலம் | டிசம்பர் 3, இரவு 9.25

தகாது. நானும் அன்று இழந்தவன் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூரணை நாள். திருவெம்பாவைப் பூசைக் காலம். விடியற்காலையில் எழுந்து தோய்ந்து, கோயிலுக்குப் போய்ப் பாடிவிட்டு வீடு திரும்பியவர்கள்தான் எங்கள் தெருவில் பலர். அவர்கள் நாவிலும் சிவநாமம் இருந்தது. அவர்களுக்குக் கல் தெப்பமாகவில்லை. அப்படியானால் அவர்களுடைய பக்தியில் குறையா, அல்லது பாட்டில் குறையா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாதவர்கள் அந்தக் கரையில் அந்தப் பாட்டைப் பாடக் கூடாது. ‘மாசில் வீணையும்’ பாடுங்கள், அல்லது சிவபுராணம் ஓதுங்கள். கடலைப் பற்றிய பாட்டு வேண்டாம்.

சுவடி | டிசம்பர் 4, காலை 6.10

தம்பி எழுவான்கரை பதிகத்தின் பிறப்பைக் கேட்டிருக்கிறார். களுதாவளையில் இருந்து எழுதும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். அந்தப் பகுதிக்கு மட்டும் முதலில் பதில் தருகிறேன். தகுமா என்பதை அதன்பிறகு பார்க்கலாம்.

அப்பர் என்னும் திருநாவுக்கரசர் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்து, மருள்நீக்கியார் என்று பெயரிடப்பட்டு, இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். தமக்கையார் திலகவதியாருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மணமகனும் போரில் மாண்டார். அடுத்தடுத்த சாவுகளைக் கண்ட அந்த இளைஞர் நிலையாமையை அழுத்திச் சொன்ன சமண சமயத்தை நாடிப் போய்த் தருமசேனர் ஆனது எனக்கு ஒருபோதும் வியப்பாகத் தோன்றியதில்லை. பின்னர் சூலை நோயின் கொடுமை தாங்காமல் தமக்கையாரிடம் திரும்பி வந்து, திருவதிகையில் ‘கூற்றாயினவாறு விலக்ககலீர்’ என்று பாடிச் சைவரானார். இதைப் பொறாத சமணர் சொல்லைக் கேட்டுப் பல்லவ மன்னன் அவரை ஒறுத்தான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்று ஆய்வாளர் பலர் கொள்வர். நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அடைத்தபோது ‘மாசில் வீணையும்’ என்றும், யானையை ஏவியபோது ‘சுண்ணவெண் சந்தனச் சாந்தும்’ என்றும் பாடியவர், கல்லிலே கட்டிக் கடலில் இடப்பட்டபோது பாடியதுதான் நான்காம் திருமுறையின் பதினோராம் பதிகமான ‘சொற்றுணை வேதியன்’. பண் காந்தார பஞ்சமம். இன்று கேதாரகௌளை இராகத்தில் பாடுகிறோம். கல் தெப்பமாய் மிதக்கத் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரை சேர்ந்து, அங்கே ‘ஈன்றாளுமாய் எனக்கெந்தையுமாய்’ என்று பாடினார். அந்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

‘இதெல்லாம் சேக்கிழார் கட்டிய கதை’ என்று சொல்பவர்கள் உண்டு. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர்; நிகழ்ச்சிக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு இடைவெளி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அப்பரே இதைத் தம் வாயால் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் திருமுறையில் திருநீலக்குடிப் பதிகத்தைப் பாருங்கள்:

கல்லி னோடெனைப் பூட்டி அமண்கையர்
ஒல்லை நீர்புக நூக்கஎன் வாக்கினால்
நெல்லு நீள்வயல் நீலக் குடியரன்
நல்ல நாமம் நவிற்றியுய்ந் தேனன்றே.

என்னைக் கல்லோடு பூட்டி நீரில் தள்ளினார்கள், நான் பெயரைச் சொல்லி உய்ந்தேன் என்று தன்மையில், இறந்த காலத்தில் பேசுகிறார். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் தம்மைக் கொல்ல நடந்த முயற்சியிலிருந்து தப்பிய ஒருவரின் நினைவு இதற்குள் இருக்கிறது என்பதை என்னால் மறுக்க முடியவில்லை.

தம்பி கல்லடிப்பாலத்துக்கு ஒன்று. உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் உள்ள விடையை இன்னும் ஒரு நாள் யோசித்து எழுதுகிறேன். இப்போதைக்கு ஒரு செய்தி மட்டும்: திருப்பாதிரிப்புலியூர் இன்றைய கடலூருக்குள் இருக்கிறது. அப்பர் கரையேறியதாகச் சொல்லப்படும் அந்தக் கரையோரத்தையும் 2004இல் அதே நாளில் அதே அலை அடித்தது. அங்கேயும் பிள்ளைகள் போனார்கள்.

தம்பிலுவில் வடக்கு | டிசம்பர் 4, பகல் 12.50

சுவடி ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் பதிகத்தின் கடைசிப் பாட்டான பத்தாவதையும் சேர்த்துப் பேசாவிட்டால் இந்த விவாதம் நேர்மையாக இராது. ‘நாப்பிணை தழுவிய நமச்சிவாயப் பத்து, ஏத்தவல்லார் தமக்கு இடுக்கண் இல்லையே’ என்று அது முடிகிறது. ஏத்துபவருக்குத் துன்பமே இல்லை என்று பாட்டு உறுதி சொல்கிறது. எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான் நாட்டிலேயே அதிகமான உயிர்கள் போயின. காரைதீவு, பாண்டிருப்பு, தம்பிலுவில், திருக்கோவில் என்று கரை நெடுகிலும் ஏத்தியவர்கள் இருந்தார்கள். உறுதிமொழி பொய்த்த இடத்தில் அந்த உறுதிமொழியைப் பாடுவது எப்படி ஆறுதலாகும்?

படுவான்கரை | டிசம்பர் 4, இரவு 7.30

நான் புலவனும் அல்லன், பண்ணிசை பயின்றவனும் அல்லன். வாவிக்கு மேற்கே வயல் செய்பவன். இந்தப் பதிகம் எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு ஒன்பது வயது. கிடுகுக் கூரை முதல் அடியிலேயே போய்விட்டது. மழை கல் எறிவது போல விழுந்தது. தென்னை முறியும் ஓசை வெடிச்சத்தமாகக் கேட்டது. அப்பா எங்களை எல்லாம் ஒரு பழைய முதிரைக் கட்டிலின் கீழே தள்ளினார். சிறிது நேரத்தில் மண் சுவர் சரிந்து கட்டிலின் மேல் விழுந்தது. நாங்கள் ஐந்து பேர் அதற்குக் கீழே, தண்ணீருக்குள், இருட்டில் கிடந்தோம். எங்கள் பாட்டி, பெத்தா, மட்டும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தா. பாடவில்லை, பல் கிட்ட முணுமுணுத்தா:

இடுக்கண்பட் டிருக்கினும் இரந்தி யாரையும்
விடுக்கிற் பிரானென்று வினவுவோ மல்லோம்
அடுக்கற்கீழ்க் கிடக்கினு மருளி னாமுற்ற
நடுக்கத்தைக் கெடுப்பது நமச்சி வாயவே.

அது நமச்சிவாயப் பதிகத்தின் நான்காம் பாட்டு என்பது எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுக்கல் என்றால் மலை என்பதும் அப்படித்தான். அன்று எனக்கு அடுக்கல் என்றால் எங்கள் மேல் விழுந்து கிடந்த மண்கட்டி அடுக்கு. பெத்தாவும் அப்படித்தான் நினைத்திருப்பா என்று எண்ணுகிறேன். எழுத்து வாசனை இல்லாதவ. நடுக்கம் என்ற சொல்லுக்கு மட்டும் எங்களில் எவருக்கும் பொருள் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. குளிரிலும் பயத்திலும் என் தாடை அடித்துக்கொண்டிருந்தது. அவவுடைய குரல் என் காதுக்குப் பக்கத்தில் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நான் அந்தக் குரலோடு சேர்த்து மூச்சு விடத் தொடங்கினேன். சுவர் எழும்பவில்லை, காற்று நிற்கவில்லை. நடுக்கம் குறைந்தது. அவ்வளவுதான் நடந்தது.

விடிந்து வெளியே வந்தபோது ஊரில் நின்ற தென்னைகளை விரல் விட்டு எண்ணலாம். அடுத்த வளவில் ஒரு தம்பதி சுவரின் கீழேயே இறந்து கிடந்தார்கள். அவர்களும் நமச்சிவாயம் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? அதனால் அந்தப் பாட்டுத்தான் எங்களைக் காப்பாற்றியது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களைக் காப்பாற்றியது முதிரை மரம்.

தாண்டவன்வெளி | டிசம்பர் 5, காலை 10.05

நான் கத்தோலிக்கன், இவ்விழையில் எழுதுவதற்கு மன்னிக்கவும். படுவான்கரை அண்ணாவின் பதிவைப் படித்தபோது எங்கள் இருபத்துமூன்றாம் சங்கீதம் நினைவுக்கு வந்தது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது இப்படி இருக்கும்: ‘நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.’ எங்கள் பக்கத்து இறுதிச் சடங்குகளில் இதைக் கேளாத காது இல்லை. இங்கே ‘நடந்தாலும்’, அங்கே ‘பாய்ச்சினும்’, ‘கிடக்கினும்’. இரண்டிலும் அந்த உம் ஒன்றுதான். பள்ளத்தாக்கு நீங்கும் என்று சங்கீதக்காரர் அந்த வரியில் சொல்லவில்லை. கூட இருக்கிறீர் என்றுதான் சொல்கிறார். நத்தார் (கிறிஸ்மஸ்) பெருநாளுக்கு மறுநாள் வந்த அலையில் எங்கள் பங்கிலும் இழப்புகள் உண்டு. அன்றைக்குப் பிறகு என் தாயார் எந்தச் செபத்தையும் முழுமையாகச் சொல்ல முடியாமல் ஒரு வருடம் இருந்தார். இந்த ஒரு வரியை மட்டும் விடவில்லை.

சுவடி | டிசம்பர் 5, மாலை 5.20

படுவான்கரைத் தம்பி, நான் ஒரு நாள் யோசித்தும் எழுத வராததை நீங்கள் எழுதிவிட்டீர்கள். இனி நான் சொல்ல இருப்பது வெறும் இலக்கணம்.

மேலே கொடுத்துள்ள பாட்டில் ‘கற்றூணைப் பூட்டி’ என்று இருக்கிறது. பலரும் அப்படித்தான் பாடுகிறோம்; கல்லாலான தூணைக் கட்டி என்று பொருள் கொள்கிறோம். ‘கற்றுணைப் பூட்டி’ என்று குறிலாக ஒரு பாடமும் பதிப்புகளில் உண்டு. எதுகையை வைத்துப் பார்த்தால் எனக்கு இதுவே சரியாகப் படுகிறது: சொற்றுணை, பொற்றுணை, கற்றுணை, நற்றுணை. நான்கு அடியும் துணையில் தொடங்குகின்றன. பொற்றுணை இணையான இரு திருவடிகள். கற்றுணை என்பது கல்லைத் துணையாகச் சேர்த்து என்று ஆகிறது. கடலுக்குள் அனுப்புகிறவர்கள் அவருக்கு ஒரு துணையைக் கூட்டித்தான் அனுப்பினார்கள், அது கல். அதற்கு எதிராக அவர் வைக்கும் துணை நமச்சிவாய என்னும் ஐந்து எழுத்து. தூண் என்று நெடிலாக்கினால் கல்லின் கனம் மட்டும் மிஞ்சுகிறது, இந்த எதிர்வைப்புப் போய்விடுகிறது.

அடுத்தது, இவ்விரண்டு பாட்டுகளின் காலம். நீலக்குடியில் ‘உய்ந்தேன்’ என்று பாடுகிறவர் கரையில் நின்று திரும்பிப் பார்க்கிறார். நமச்சிவாயப் பதிகத்தைப் பாடும்போதோ, மரபின்படி, அவர் இன்னும் நீருக்குள் இருக்கிறார்; அப்போது அவருக்குக் கரை தெரியாது. கரை தெரியாதவர் ‘என்னைக் கரை சேர்க்கும்’ என்று சொல்லவில்லை, ‘நற்றுணையாவது’ என்கிறார். நான்காம் பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், துன்பத்தில் இருந்தாலும் என்னை விடுவிப்பாயா என்று எவரையும் இரந்து கேட்கமாட்டோம் என்கிறார். மலைக்குக் கீழே கிடந்தாலும் கெடுவது மலை அல்ல, நடுக்கம். ஆறுதலுக்கு இதைவிட அடக்கமான ஒரு வாக்குறுதியை நான் தேவாரத்தில் வேறெங்கும் கண்டதில்லை.

தம்பிலுவில் வடக்கு கேட்ட ‘இடுக்கண் இல்லையே’ பற்றி: இடுக்கண் என்பதற்குத் துன்பம் என்பதே நேர்பொருள். துன்பத்தில் கண் இடுங்கிச் சுருங்குவதால் வந்த சொல் என்று விளக்குவாரும் உண்டு. அப்படிக் கொண்டால் துன்பம் வராது என்பதைவிடத் துன்பத்தில் ஒடுங்கிப்போக மாட்டார் என்ற பொருள் கிடைக்கும். ‘இடுக்கண்பட்டிருக்கினும்’ என்று முன்னே பாடியவர் பின்னே அது வரவே வராது என்று பாடியிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

தம்பிலுவில் வடக்கு | டிசம்பர் 5, இரவு 8.15

ஐயா கோபிக்கக் கூடாது. அது உரைகாரர் செய்யும் சமாளிப்பாகவே எனக்குப் படுகிறது. பதிகம் பாடுவோருக்குப் பலன் சொல்லி முடிப்பது மரபு. அந்த மரபின்படி இதுவும் ஒரு பலன். அதை அப்படியே ஒப்புக்கொண்டு, ‘இந்தப் பலன் எங்களுக்குக் கிடைக்கவில்லை’ என்று சொல்வது நேர்மை. நான்காம் பாட்டைப் பற்றி எனக்கு மாறுபாடு இல்லை. அதைப் பத்தாம் பாட்டின் துணை இல்லாமலே பாடலாம்.

கல்லடிப்பாலம் | டிசம்பர் 6, காலை 5.40

நேற்று இரவு முழுவதும் இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாங்கள் அறிந்தது முதல் பாட்டு மட்டும்தான். கோயிலில் பஞ்சபுராணம் ஓதும்போது தேவாரத்துக்கு ஒன்று, திருவாசகத்துக்கு ஒன்று என்று போய்விடும். பாடசாலைக் காலைப் பிரார்த்தனையிலும் அப்படித்தான். கல்லும் கடலும் கரையும் கதையோடு சேர்த்துப் படத்தில் பார்த்தது. அந்தப் படத்தில் அப்பர் சிரித்துக்கொண்டு மிதப்பார். நான் பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கோபப்பட்டது அந்தப் படத்தோடு என்று இப்போது தோன்றுகிறது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று எவரும் எழுத வேண்டாம்.

ஒன்று சொல்லலாம். அன்று என் தங்கச்சியின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. அந்த மூன்று நாளும் முகாமாக்கப்பட்ட ஒரு பாடசாலை மண்டபத்தில், எனக்குப் பெயர் தெரியாத ஒரு வயோதிபர் என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். அவர் எனக்கு எந்த ஆறுதலும் சொல்லவில்லை, சாமியைப் பற்றியும் பேசவில்லை. தேத்தண்ணி வந்தால் என் கையில் தருவார். துணை என்ற சொல்லைச் சுவடி ஐயா பிரித்துக் காட்டியபோது எனக்கு அந்த மனிதரின் முகம்தான் வந்தது.

எழுவான்கரை | டிசம்பர் 8, இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை துணிந்து பெரியம்மாவின் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு, ‘அது பாட்டால இல்ல மகன், உன்ர குரலால. நீ போட்டியில பாடுற மாதிரிப் பாடினாய், எனக்கு அதுல நிக்க ஏலாமப் போச்சு’ என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது உண்மைதான், ஒலிவாங்கி முன்னால் நின்று நான் கமகங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

படுவான்கரை அண்ணாவின் பதிவைக் கைபேசியில் இருந்து அவருக்கு வாசித்தேன். நான்காம் பாட்டை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். இந்தப் பாட்டை இதுவரை கேட்டதே இல்லை என்றும், எல்லோரும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள் என்றும் குறைப்பட்டார். ‘நடுக்கத்தைக் கெடுப்பது’ என்ற இடத்தில் என்னை நிறுத்தி, ‘கெடுக்குதோ இல்லையோ, நடுக்கம் எண்டு ஒண்டு இருக்கெண்டு சொல்லுறாரே’ என்றார். அதன்பிறகு மகனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

இந்த ஆண்டு ஒலிவாங்கி இல்லை. முதல் பாட்டையும் நான்காம் பாட்டையும், கற்றுணை என்று குறிலாகவே, சுருதிப் பெட்டிகூட இல்லாமல் எல்லோரும் சேர்ந்து மெதுவாகச் சொல்வதாக ஏற்பாடு. பத்தாம் பாட்டை வைப்பதா விடுவதா என்பதில் எங்கள் ஊரிலும் இரண்டு கட்சி, இப்போதைக்கு விட்டிருக்கிறோம். நான்காம் பாட்டைப் பெரிய எழுத்தில் அச்சடித்து நூறு பிரதி எடுத்திருக்கிறேன். காரைதீவில் இருந்தும் சிலர் வருவதாகச் சொன்னார்கள்.

கல்லடிப்பாலம் | டிசம்பர் 8, இரவு 9.45

நான் வருவேன். பாடமாட்டேன். பெரியம்மாவுக்கு நிற்க ஏலாவிட்டால் இருப்பதற்கு ஒரு கதிரை கொண்டுவருகிறேன்.